நியூயார்க் ஒதுக்கியது, பெய்ஜிங் சிலை வைத்தது: ஸ்டெஃபான் மார்பரியின் கூடைப்பந்து வாழ்க்கை

சீனத் தலைநகர் பெய்ஜிங்கில் உள்ள வுகேசோங் விளையாட்டரங்கம், 2008 ஒலிம்பிக் கூடைப்பந்துப் போட்டிகள் நடைபெற்ற இடமாகும். அந்த அரங்கின் வெளியே 2012-ஆம் ஆண்டு ஒரு சிலை நிறுவப்பட்டது. சிலையில் இருப்பவர் சீன வீரர் அல்லர். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியைச் சேர்ந்த அமெரிக்கரான ஸ்டெஃபான் மார்பரி. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, சொந்த ஊர் அணியிலிருந்து வெளியேற்றப்பட்டு, கேலிக்கு உள்ளாகி, விளையாட்டு வாழ்க்கை முடிந்துவிட்டது என்று பலரும் தீர்ப்பு எழுதிவிட்ட நிலையில் இருந்தவர் அவர்.

அமெரிக்காவின் தேசிய கூடைப்பந்து சங்கமான என்பிஏ-வில் இடம் கிடைக்காத வீரர்களும், அங்கு ஆட்டக் காலம் முடிந்த வீரர்களும் ஐரோப்பா, துருக்கி, இஸ்ரேல், சீனா, ஆஸ்திரேலியா என வெளிநாட்டு லீக்குகளுக்குச் செல்வது பல ஆண்டுகளாக நடைபெற்று வருகிறது. பெரும்பாலானோர் ஒரு பருவம் ஆடி, ஊதியம் பெற்று, ஊர் திரும்பிவிடுவர். மார்பரி திரும்பவில்லை. சீனாவில் எட்டு ஆண்டுகளுக்கும் மேல் ஆடினார். மூன்று முறை லீக் பட்டம் வென்றார். அங்கேயே பயிற்சியாளராகவும் ஆனார். வெளிநாட்டில் ஆடுவது ஒரு வீரரின் வாழ்வில் கடைசிப் பக்கமாகத்தான் இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு அவரது வாழ்க்கை ஒரு விடையாக அமைந்துள்ளது.

கோனி ஐலண்டில் தொடக்கம்

மார்பரி 1977 பிப்ரவரி 20 அன்று பிறந்தார். ஏழு பிள்ளைகளில் ஆறாவது பிள்ளை. புரூக்ளினின் தென்முனையில் கடலோரம் அமைந்துள்ள கோனி ஐலண்டின் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தார். அவருடைய அண்ணன்மார் மூவர் கல்லூரி அளவில் கூடைப்பந்து ஆடியவர்கள். ஆனால் ஒருவரும் என்பிஏ-வை எட்டவில்லை. குடும்பத்தின் நிறைவேறாத கனவு முழுவதும் சிறுவன் ஸ்டெஃபான் மீது இறங்கியது.

ஆபிரகாம் லிங்கன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தபோதே அவர் பெயர் நகரெங்கும் அறியப்பட்டிருந்தது. அப்பள்ளி அணியைப் பின்தொடர்ந்து டார்சி ஃப்ரே எழுதி 1994-இல் வெளிவந்த ‘தி லாஸ்ட் ஷாட்’ என்ற நூலில், பள்ளியின் புதுமுக மாணவராக மார்பரியும் இடம்பெற்றார். 1995-இல் பள்ளி அணிக்கு மாநிலப் பட்டம் பெற்றுத் தந்த பின், ஜார்ஜியா டெக் கல்லூரியில் ஒரே ஓராண்டு ஆடினார். அடுத்த ஆண்டே தொழில்முறை ஆட்டத்திற்கு வந்துவிட்டார்.

என்பிஏ-வில் புள்ளிகளும் சர்ச்சைகளும்

1996-ஆம் ஆண்டின் வீரர் தேர்வு, என்பிஏ வரலாற்றில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஆலன் ஐவர்சன், கோபி பிரையன்ட், ஸ்டீவ் நாஷ் ஆகியோர் அவ்வாண்டு தேர்வானவர்கள். அதில் நான்காவது வீரராக மார்பரியை மில்வாக்கி பக்ஸ் அணி தேர்ந்தெடுத்து, ரே ஆலனுக்கு மாற்றாக மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அணிக்கு உடனே அளித்தது.

மினசோட்டாவில் அவருக்குத் துணையாக இருந்தவர் உயரமான இளம் வீரர் கெவின் கார்னெட். இருவரும் இணைந்து பல ஆண்டுகள் ஆதிக்கம் செலுத்துவர் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் 1997-இல் கார்னெட்டுக்கு ஆறு ஆண்டுகளுக்கு 12.6 கோடி டாலர் ஒப்பந்தம் வழங்கப்பட்டது. அதன் பின் 1999-இல் அமலான புதிய விதிகள் தனிப்பட்ட வீரரின் ஊதியத்துக்கு உச்சவரம்பு விதித்ததால், அதே தொகையை மார்பரி பெற வழியில்லாமல் போனது. சொந்த ஊருக்கு அருகில் ஆட வேண்டும் என்ற விருப்பமும் அவருக்கு இருந்தது. அவ்வாண்டு மார்ச்சில் அவர் நியூ ஜெர்சி நெட்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார்.

தனிப்பட்ட ஆட்டத்தில் அவர் குறைவைக்கவில்லை. 2001, 2003 ஆண்டுகளில் ‘ஆல்-ஸ்டார்’ ஆட்டத்துக்குத் தேர்வானார். 2001 ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் அவர் அடித்த இரண்டு மூன்று புள்ளி வீச்சுகளால் கிழக்கு அணி 111-110 என்ற கணக்கில் வென்றது. என்பிஏ-வில் ஆடிய 846 ஆட்டங்களில், ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 19.3 புள்ளிகளும், சக வீரர் புள்ளி எடுக்கத் துணைபுரியும் ‘அசிஸ்ட்’ 7.6-உம் அவர் கணக்கில் உள்ளன.

ஆனால் அணியின் வெற்றி அவருடன் சேரவில்லை. அணியின் முதன்மை வீரராக நான்கு முறை பிளேஆஃப் சுற்றுக்குச் சென்றும், ஒரு முறைகூட முதல் கட்டத்தை அவர் தாண்டவில்லை. 2001-இல் அவருக்கு மாற்றாக ஜேசன் கிட்டைப் பெற்ற நெட்ஸ் அணி, அடுத்த இரு ஆண்டுகளும் இறுதிச் சுற்றை எட்டியது. 2004 ஜனவரியில் அவரை அனுப்பிவிட்ட ஃபீனிக்ஸ் சன்ஸ் அணி, அடுத்த பருவத்தில் ஸ்டீவ் நாஷ் தலைமையில் 62 வெற்றிகளைக் குவித்தது. “அவர் விலகினால் அணி முன்னேறும்” என்ற கடுமையான விமர்சனம் அவர் மீது படிந்தது.

ஏதென்ஸும் 15 டாலர் காலணியும்

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணி மூன்று ஆட்டங்களில் தோற்று வெண்கலப் பதக்கத்துடன் திரும்பியது. அத்தொடரில் ஸ்பெயினுக்கு எதிரான காலிறுதியில் மார்பரி 31 புள்ளிகள் எடுத்தார். ஒலிம்பிக் ஆட்டம் ஒன்றில் அமெரிக்க வீரர் எடுத்த அதிகபட்சப் புள்ளியாக அது விளங்கியது. 2012-இல் கார்மெலோ ஆன்டனி அச்சாதனையை முறியடித்தார்.

2006-இல் அவர் எடுத்த ஒரு முடிவு கூடைப்பந்து வணிகத்தில் பெரும் வியப்பை ஏற்படுத்தியது. புகழ்பெற்ற வீரர்களின் பெயரில் வரும் காலணிகள் 100 டாலருக்கும் மேல் விற்ற காலத்தில், ‘ஸ்டார்பரி’ என்ற தன் பெயர்க் காலணியை 14.98 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தார். விலையுயர்ந்த காலணிக்காக ஏழைக் குடும்பங்கள் படும் பாட்டை, தான் வளர்ந்த குடியிருப்பிலேயே அவர் கண்டிருந்தார். அதே காலணியை அணிந்தே என்பிஏ ஆட்டங்களிலும் களமிறங்கினார். ஆனால் அதை விற்றுவந்த ஸ்டீவ் அண்ட் பாரீஸ் நிறுவனம் 2008-இல் திவாலானதால் அம்முயற்சியும் முடங்கியது.

சொந்த ஊரில் நேர்ந்த வீழ்ச்சி

2004 ஜனவரியில் நியூயார்க் நிக்ஸ் அணிக்கு வந்தபோது, சிறுவயதுக் கனவு கைகூடியதாகவே மார்பரி கருதினார். நடந்ததோ வேறு. பயிற்சியாளர் லாரி பிரவுனுடன் வெளிப்படையாக மோதல் ஏற்பட்டது. 2005-06 பருவத்தில் அணி 23 வெற்றிகளை மட்டுமே பெற்று 59 ஆட்டங்களில் தோற்றது. அதன் பின் வந்த பயிற்சியாளர்களுடனும் உறவு சீராகவில்லை. 2007 டிசம்பரில் அவருடைய தந்தை காலமானார். நிக்ஸ் அணியின் ஆட்டத்தைக் காண வந்திருந்தபோதே அவருக்கு உடல்நலம் குன்றியது. ஆட்டம் முடிந்த பிறகுதான் மகனுக்குச் செய்தி தெரிவிக்கப்பட்டது.

2008-09 பருவத்தில் அவரது ஊதியம் 2 கோடி டாலருக்கும் அதிகம். ஆயினும் புதிய பயிற்சியாளர் மைக் டி’அன்டோனி அவரைக் களமிறக்கவில்லை. பின்னர் அழைக்கப்பட்டபோது ஆட மறுத்ததாகக் கூறி அணி நிர்வாகம் நடவடிக்கை எடுத்தது. அணியின் பயிற்சிக்கே வர வேண்டாம் எனக் கூறப்பட்ட அவர், 2009 பிப்ரவரியில் ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் மாற்று வீரராக 23 ஆட்டங்களில் ஆடியதே அவரது என்பிஏ வாழ்க்கையின் கடைசி அத்தியாயம்.

அவ்வாண்டு ஜூலையில், இணையத்தில் 24 மணி நேரம் தொடர்ந்து நேரலையில் தோன்றினார். கண்ணீர் விட்டு அழுவதும், பெட்ரோலியம் ஜெல்லியை விழுங்குவதுமான காட்சிகள் பரவின. ஊடகங்கள் அவரை நகைப்புக்குரியவராக்கின. அக்காலத்தில் கடும் மனச்சோர்வில் இருந்ததாகவும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றியதாகவும் பல ஆண்டுகளுக்குப் பின் அவரே ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் தெரிவித்தார். பார்த்தவர்கள் சிரித்த அந்தக் காட்சிகளுக்குப் பின்னால் உதவி தேவைப்பட்ட ஒரு மனிதர் இருந்தார் என்பது அப்போதுதான் பலருக்கும் புரிந்தது.

வெளிநாட்டு லீக்குகள் இயங்கும் முறை

என்பிஏ-வில் மொத்தம் 30 அணிகளே உள்ளன. ஓர் அணியின் வழக்கமான பட்டியலில் 15 வீரர்களுக்கே இடம். அதாவது, ஏறத்தாழ 450 இடங்களுக்கு உலகெங்கும் உள்ள வீரர்கள் போட்டியிடுகின்றனர். கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் வெளிவரும் அமெரிக்க வீரர்களில் மிகச் சிலரே அங்கு நுழைய முடிகிறது. மற்றவர்களுக்கு வெளிநாட்டு அணிகளே வாழ்வாதாரம்.

ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டின் லீக்குக்கு மாறும் வீரர், சர்வதேச கூடைப்பந்து சம்மேளன விதிகளின்படி தடையில்லாச் சான்று பெற வேண்டும். வெளிநாட்டு வீரர்களின் எண்ணிக்கைக்குப் பல லீக்குகள் வரம்பு விதித்துள்ளன. சீனக் கூடைப்பந்து சங்கத்தின் லீக்கான சிபிஏ 1995-இல் தொடங்கப்பட்டது. மார்பரி ஆடிய காலத்தில் அங்கு ஓர் அணிக்குப் பொதுவாக இரண்டு வெளிநாட்டு வீரர்களே அனுமதிக்கப்பட்டனர். அவர்கள் எத்தனை கால்பகுதிகள் களத்தில் இருக்கலாம் என்பதற்கும் கட்டுப்பாடு இருந்தது. எனவே அந்த இருவர் மீதான எதிர்பார்ப்பு மிக அதிகம். இரண்டு, மூன்று ஆட்டங்களில் சோபிக்காவிட்டால் விமானச் சீட்டு கையில் தரப்பட்டுவிடும் என்ற நிலை அங்கு வழக்கம்.

2011-இல் என்பிஏ நிர்வாகத்துக்கும் வீரர்களுக்கும் இடையிலான ஊதியத் தகராறால் ஆட்டங்கள் முடங்கியபோது, ஜே.ஆர். ஸ்மித், கென்யன் மார்ட்டின், வில்சன் சாண்ட்லர் உள்ளிட்டோர் சீனா சென்றனர். பருவம் முடிந்ததும் அவர்கள் அமெரிக்கா திரும்பினர்; மார்ட்டின் பருவத்தின் நடுவிலேயே விலகினார். 2012-13 பருவத்தில் சிங்தாவ் அணிக்கு வந்த டிரேசி மெக்ரேடியும் ஒரே பருவத்துடன் விடைபெற்றார்.

தாய்யுவான், ஃபோஷான், பெய்ஜிங்

2010 ஜனவரியில் மார்பரி சென்று சேர்ந்த இடம் ஷான்சி மாகாணத் தலைநகர் தாய்யுவான். நிலக்கரிக்கும் எஃகுக்கும் பெயர்பெற்ற தொழில் நகரம் அது. என்பிஏ நட்சத்திரங்கள் விரும்பிச் செல்லும் இடம் என்று அதைச் சொல்ல இயலாது. மொழி தெரியாது; உணவு பழக்கமில்லை; அணியும் வலுவானதன்று. ஆயினும் அப்பருவத்தின் சிபிஏ ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் 30 புள்ளிகளும் 10 அசிஸ்ட்களும் எடுத்து, அதன் மதிப்புமிக்க வீரராக அவர் தேர்வானார்.

ஷான்சி அணியில் தொடரலாம் என்றிருந்த அவரது எதிர்பார்ப்பு அடுத்த பருவத்தில் நிறைவேறவில்லை. தென்சீனத்தின் ஃபோஷான் அணிக்கு மாறினார். அங்கும் பட்டம் கைகூடவில்லை. இத்தனைக்குப் பிறகும் ஊர் திரும்பாமல், 2011-இல் பெய்ஜிங் டக்ஸ் அணியில் சேர்ந்தார். எஃகு உற்பத்தியில் ஈடுபட்டுள்ள அரசு நிறுவனமான ஷோகாங்கின் அணி அது. தலைநகரின் அணியாக இருந்தும் சிபிஏ பட்டத்தை அதுவரை வென்றதில்லை.

பயிற்சியாளர் மின் லூலெய் தலைமையில் 2011-12 பருவத்தை பெய்ஜிங் அணி தொடர்ச்சியாக 13 வெற்றிகளுடன் தொடங்கியது. அரையிறுதியில் எதிரணியாக வந்தது, மார்பரியின் பழைய அணியான ஷான்சி. அதை வென்று இறுதிச் சுற்றுக்குச் சென்ற பெய்ஜிங், அந்நாளில் லீக்கில் ஆதிக்கம் செலுத்திய குவாங்டாங் அணியைச் சந்தித்தது. 2012 மார்ச் 30 அன்று நடந்த ஐந்தாவது ஆட்டத்தில் மார்பரி 41 புள்ளிகள் எடுக்க, பெய்ஜிங் 124-121 என வென்றது. தொடரை 4-1 என்ற கணக்கில் கைப்பற்றி முதல் பட்டம் பெற்றது. 35 வயதில் வாழ்வின் முதல் தொழில்முறைப் பட்டத்தை வென்ற மார்பரி, களத்திலேயே கண்ணீர் விட்டார். அரங்கின் வெளியே சிலை எழுந்தது அவ்வாண்டில்தான்.

அடுத்த பருவத்தில் லீக்கின் சிறந்த வெளிநாட்டு வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. 2014-இல் ஷின்ஜியாங் அணியையும், 2015-இல் லியாவோனிங் அணியையும் தலா 4-2 என்ற கணக்கில் இறுதிச் சுற்றில் வீழ்த்தி பெய்ஜிங் மேலும் இரு பட்டங்களை வென்றது. நான்கு ஆண்டுகளில் மூன்று பட்டங்கள். 2015 இறுதிச் சுற்றின் மதிப்புமிக்க வீரர் விருதும் மார்பரிக்கே வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 38.

‘லாவ் மா’ ஆன அமெரிக்கர்

புள்ளிகளை மட்டும் வைத்துப் பார்த்தால், சிபிஏ-வில் மார்பரியை விட அதிகம் குவித்த வெளிநாட்டு வீரர்கள் பலர் உண்டு. 2017 பிப்ரவரியில் ஷாங்காய் அணியின் ஜிம்மர் ஃப்ரெடெட் ஒரே ஆட்டத்தில் 73 புள்ளிகள் எடுத்தார். ஆனால் மார்பரிக்குக் கிடைத்த வரவேற்பின் தன்மை வேறு.

அவர் பெய்ஜிங்கை வேலைக்கு வந்த இடமாக நடத்தவில்லை. பெருநகர ரயிலில் பொதுமக்களோடு பயணித்தார். சீனச் சமூக ஊடகமான வெய்போவில் ரசிகர்களுடன் உரையாடினார். உள்ளூர் இளம் வீரர்களுக்கு ஆட்ட நுணுக்கங்களைக் கற்றுக்கொடுத்தார். அமெரிக்காவில் தன்னலக்காரர் என்று பெயரெடுத்தவர், பெய்ஜிங்கில் அணிக்கு ஊக்கமளிக்கும் மூத்தவராக அறியப்பட்டார். ரசிகர்கள் அவரை ‘லாவ் மா’ என்று அழைத்தனர். அவரது பெயரின் முதலெழுத்தான ‘மா’ சீன மொழியில் குதிரையைக் குறிக்கும். ‘லாவ்’ என்பது மூத்தவரை உரிமையுடன் விளிக்கும் முன்னொட்டு. சக வீரர்களுக்கு மனவுறுதியூட்டுபவர் என்ற பொருளில், படைப்பிரிவின் அரசியல் ஆணையரைக் குறிக்கும் ‘மா ஆணையர்’ என்ற பட்டப்பெயரும் நிலைத்தது.

2014-இல் பெய்ஜிங் நகர நிர்வாகம் அவரைக் கௌரவக் குடிமகனாக அறிவித்தது. அதன் பின்னர், வெளிநாட்டவரில் மிகக் குறைவானோருக்கே சீனா வழங்கும் நிரந்தர வசிப்புரிமையும் அவருக்குக் கிடைத்தது. அவரது வாழ்க்கையை ஒட்டி உருவான இசை நாடகத்தில் தன் பாத்திரத்தைத் தானே ஏற்றார். 2017-இல் வெளியான ‘மை அதர் ஹோம்’ திரைப்படத்திலும் அவரே நடித்தார். அமெரிக்காவில் முடங்கிய ஸ்டார்பரி காலணி வணிகத்துக்கும் சீனச் சந்தையில் மறுவாழ்வு கிடைத்தது.

இந்தப் பாசத்தில் வணிகக் கணக்கும் கலந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. என்பிஏ நட்சத்திரங்களுக்காக ஏங்கிய ஒரு பெரும் சந்தையில், பிரபலமான பெயர் ஒன்றுக்கு இருந்த மதிப்பை அவரும் அறிந்திருந்தார். சீன நிர்வாகிகளும் அறிந்திருந்தனர். ஆனால் அந்தக் கணக்கு முதல் ஓரிரு பருவங்களுக்கே போதுமானது. எஞ்சிய ஆண்டுகளை அவர் தங்கியிருந்தே ஈட்டினார்.

விடைபெற்றதும் பயிற்சியாளரானதும்

2017-இல் பெய்ஜிங் டக்ஸ் அணி, இனி ஆடுவதை விடுத்து பயிற்சிப் பொறுப்பை ஏற்குமாறு கேட்டது. மேலும் ஒரு பருவம் ஆட விரும்பிய 40 வயது மார்பரி அதை ஏற்கவில்லை. அதே நகரின் மற்றோர் அணியான பெய்ஜிங் ஃபிளை டிராகன்ஸில் சேர்ந்தார். 2018 பிப்ரவரி 11 அன்று தனது கடைசி ஆட்டத்தில் 20 புள்ளிகள் எடுத்து, வெற்றியுடன் ஓய்வு பெற்றார்.

2019-இல், பெய்ஜிங் ராயல் ஃபைட்டர்ஸ் என்ற புதிய பெயருடன் இயங்கிய அதே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். அவ்வாண்டு ‘எ கிட் ஃப்ரம் கோனி ஐலண்ட்’ என்ற ஆவணப்படமும் வெளியாகி, அமெரிக்க ரசிகர்கள் அவரை மறுபரிசீலனை செய்ய வழிவகுத்தது. 2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்றால் நியூயார்க் தத்தளித்தபோது, சீனாவிலிருந்து 1 கோடி முகக்கவசங்களைத் தலா 2.75 டாலர் விலையில் தன் நகருக்குப் பெற்றுத்தர முன்வந்தார். தன்னை ஒதுக்கிய ஊரை அவர் மறந்துவிடவில்லை என்பதை அம்முயற்சி காட்டியது.

அவரது வாழ்க்கை உணர்த்துவது

வெளிநாட்டு லீக் என்றாலே, என்பிஏ-வில் தோற்றவர்கள் ஒதுங்கும் இடம் என்ற எண்ணம் அமெரிக்காவில் நெடுங்காலம் நிலவியது. மார்பரி சீனா சென்றதும் அவ்வாறே பேசப்பட்டது. என்பிஏ-வில் 15 கோடி டாலருக்கும் மேல் ஊதியமாக ஈட்டிய அவருக்குப் பணத்தேவை பெரிதாக இருந்திருக்காது. பழைய தவறுகளை மட்டுமே நினைவில் வைத்திராத ஒரு களம் அவருக்குத் தேவைப்பட்டது. அது தாய்யுவானின் குளிரிலும் பெய்ஜிங்கின் அரங்கிலும் கிடைத்தது.

அதே வேளையில், இதை அனைவருக்கும் பொருந்தும் வழியாகக் கொள்ள இயலாது. வெளிநாடு செல்லும் வீரர்களில் பெரும்பாலோருக்கு மார்பரிக்கு இருந்த பெயரோ சேமிப்போ இல்லை. குடும்பத்தைப் பிரிந்து, ஆண்டுக்கோர் ஊர், ஆண்டுக்கோர் அணி என மாறி, காயம் ஏற்பட்டால் அடுத்த ஒப்பந்தம் உண்டா என்ற அச்சத்துடனேயே அவர்கள் ஆடுகின்றனர். மார்பரியும் இருமுறை இடம் மாறிய பிறகே பெய்ஜிங்கை அடைந்தார். அவர் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டது, முதல் ஏமாற்றத்தின்போது ஊர் திரும்பாததில்தான்.

முக்கிய ஆண்டுகள்

1977: நியூயார்க்கின் புரூக்ளினில் பிறப்பு.
1996: என்பிஏ வீரர் தேர்வில் நான்காம் இடம்; மினசோட்டா அணியில் அறிமுகம்.
2004: நியூயார்க் நிக்ஸ் அணியில் இணைப்பு, ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம்.
2009: நிக்ஸ் அணியிலிருந்து விடுவிப்பு, பாஸ்டனுடன் என்பிஏ வாழ்க்கை நிறைவு.
2010: ஷான்சி அணி மூலம் சீன லீக்கில் அறிமுகம்.
2011: பெய்ஜிங் டக்ஸ் அணியில் இணைப்பு.
2012, 2014, 2015: சிபிஏ பட்டங்கள்.
2014: பெய்ஜிங்கின் கௌரவக் குடிமகன்.
2018: ஆட்டத்திலிருந்து ஓய்வு.
2019: பெய்ஜிங் ராயல் ஃபைட்டர்ஸ் தலைமைப் பயிற்சியாளர்.